உங்கள் வார்டின் தேர்தல் வரலாற்றை நீங்களே எழுதலாம்: தாராசுரத்தை வைத்து ஒரு செய்முறை

தேர்தல் முடிந்த மறுநாள் டீக்கடையில் எல்லோரும் ஆய்வாளர்கள். "இது எப்போதும் அந்தக் கட்சி வார்டு" என்று ஒருவர் அடித்துச் சொல்வார். எப்போதும் என்றால் எத்தனை தேர்தல், எந்தெந்தத் தெரு என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். அந்தக் கேள்விக்கு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டு பதில் தேடும் முறை இது. கணினியில் அட்டவணை போடத் தெரிந்தால் இன்னும் நல்லது.

முதல் படி: எண்ணை விடுங்கள், தெருவைப் பிடியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் "12வது வார்டு: 1996 முதல் இன்று வரை" என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். வேலை அங்கேயே கெட்டுப்போகிறது. 1996இன் 12வது வார்டும் 2022இன் 12வது வார்டும் ஒரே இடமாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அடிப்படையாக வைத்துத் தமிழகம் முழுவதும் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டன.

புறநகர் என்றால் சிக்கல் இரட்டிப்பு. தாராசுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐராவதேசுவரர் கோயிலும் பட்டு நெசவும் உள்ள அந்த ஊர் 2021 வரை தனிப் பேரூராட்சி. அந்த ஆண்டு கும்பகோணம் நகராட்சியோடு இணைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து கும்பகோணம் மாநகராட்சி ஆனது. ஆகவே அங்குள்ள ஒரு தெருவுக்கு 2011 தேர்தல் பேரூராட்சித் தேர்தல், 2022 தேர்தல் மாநகராட்சித் தேர்தல். தெரு அதேதான். வார்டின் எண், எல்லை, அளவு எதுவும் அதே அல்ல.

எனவே முதல் பக்கத்தில் தெருப் பெயர்களை மட்டும் எழுதுங்கள். வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பாகத்திலும் அதில் அடங்கும் தெருக்கள் குறிக்கப்பட்டிருக்கும். மாநகராட்சி அலுவலகத்தில் வார்டு எல்லை விவரத்தைக் கேளுங்கள். பழைய எல்லையும் புதிய எல்லையும் கைக்கு வந்ததும், இரண்டிலும் பொதுவாக உள்ள தெருக்களை அடிக்கோடிடுங்கள். நீங்கள் வரலாறு எழுதப்போவது அந்தத் தெருக்களுக்குத்தான்.

தஞ்சாவூரைச் சுற்றியுள்ள நாஞ்சிக்கோட்டை, நீலகிரி போன்ற ஊராட்சிகளில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், தலைவர் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. நாளை உங்கள் பகுதி மாநகராட்சியில் சேர்ந்தாலும் பழைய தேர்தல்களுக்குக் கட்சிவாரிக் கணக்கு கிடைக்காது. இன்னார் இந்தக் கட்சிக்காரர் என்று ஊருக்கே தெரிந்திருக்கலாம். கட்சிக் கட்டத்தில் அதை எழுதாதீர்கள், குறிப்பில் எழுதுங்கள்.

இரண்டாம் படி: ஆண்டுகள்

அட்டவணையில் ஆண்டுக்கு ஒரு வரிசை: 1996, 2001, 2006, 2011, 2022. நகர்ப்புறத்துக்கு இந்த ஐந்து போதும். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு 2022 வரை நகராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். இந்த இடைவெளிக்கும் ஒரு வரிசை போட்டு, அதை வெறுமையாக விடாமல் "கவுன்சிலர் இல்லை" என்று எழுதுங்கள். 2022இல் முதல்முறை வாக்களித்த பலருக்கு, வாக்காளரான பிறகு அதுவரை தம் வார்டுக்கென ஒரு கவுன்சிலர் இருந்ததே இல்லை.

ஒவ்வோர் ஆண்டுக்கு நேராகவும் தலைவரை (மாநகராட்சி என்றால் மேயரை) மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்று குறியுங்கள். 2011இல் நேரடி. 2006இலும் 2022இலும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். இது முக்கியம். தலைவருக்குத் தனி ஓட்டு இருந்தால், வார்டில் வேண்டியவருக்கும் தலைவர் பதவியில் வேறு கட்சிக்கும் போட மக்களுக்கு வழி இருந்தது. 2022இல் அந்த வழி இல்லை. கும்பகோணத்தின் முதல் மேயரானவர் காங்கிரஸைச் சேர்ந்த சரவணன். தி.மு.க. கூட்டணியின் பங்கீட்டில் அந்தப் பதவி காங்கிரஸுக்கு வந்தது. மேயரின் கட்சியை வைத்து வார்டுகளின் மனநிலையைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்றாம் படி: இடஒதுக்கீடு, கூட்டணி

இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். வார்டு பொதுவா, பெண்களுக்கா, பட்டியல் இனத்தவருக்கா என்பதே யார் நிற்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பெண்களுக்கான பங்கு மூன்றில் ஒன்றாக இருந்து, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதியாக உயர்ந்தது. "பழைய கவுன்சிலரை மக்கள் தூக்கி எறிந்துவிட்டார்கள்" என்று சொல்வதற்கு முன் அவர் நிற்கவே முடிந்ததா என்று பாருங்கள். அவர் மனைவி நின்றிருந்தால் அதையும் குறியுங்கள்.

கூட்டணியும் அப்படித்தான். 2011 உள்ளாட்சித் தேர்தலில் பெரிய கட்சிகள் பெரும்பாலும் தனித்தனியே நின்றன. 2022இல் தி.மு.க. கூட்டணியாக நின்றது, அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தனித்தனியே போட்டியிட்டன. இந்த இரண்டு ஆண்டு வாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஏறியது, இறங்கியது" என்று எழுதினால் அந்தக் கணக்குக்குப் பொருள் இல்லை.

நான்காம் படி: எண்களைத் தேடுதல்

மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள். கிடைக்காத ஆண்டுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் அவகாசம். "தேர்தல் வரலாறு வேண்டும்" என்று கேட்காதீர்கள். "2001ஆம் ஆண்டு, இன்ன வார்டு, வேட்பாளர்வாரியாகப் பெற்ற வாக்குகள், மொத்த வாக்காளர், பதிவான வாக்கு" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நூலகத்தில் வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் வந்த நாளிதழ்களையும் புரட்டுங்கள். உள்ளூர்ப் பக்கத்தில் வார்டுவாரி முடிவு இருக்கக்கூடும்.

ஐந்தாம் படி: கணக்கு

கற்பனை எண்களில் ஒன்று பார்ப்போம். மொத்த வாக்காளர் 2,400, பதிவானது 1,560. வாக்குப்பதிவு 65 சதவீதம். முதலிடம் 620, இரண்டாமிடம் 540, ஒரு சுயேச்சை 310, மற்றவர்கள் 90. வென்றவர் பெற்றது ஏறக்குறைய 39.7 சதவீதம், வித்தியாசம் 80 ஓட்டு. பலர் இதோடு எழுந்துவிடுவார்கள். கதை அந்த 310இல் இருக்கிறது. வித்தியாசத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு! அந்தச் சுயேச்சை சீட்டு கிடைக்காத கட்சிக்காரரா, தெருவில் எல்லோருக்கும் வேண்டியவரா என்று தெரியாமல் அந்த வார்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது என் கருத்து. காகிதத்தில் விடை இருக்காது. அந்தத் தேர்தலில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தவர்களைத் தேடிப்போய்க் கேளுங்கள். இரண்டு எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே காரணத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம்.

வாக்குப்பதிவு சதவீதத்திலும் ஒரு பொறி உண்டு. 2022இல் மாநில அளவில் பேரூராட்சிகளில் 74.68, நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22 சதவீதம் பதிவாயின. ஊர் பெரிதாகப் பெரிதாக வாக்குப்பதிவு குறைகிறது. பேரூராட்சியிலிருந்து மாநகராட்சிக்கு மாறிய தெருவில் பதிவு சரிந்திருந்தால் உடனே வேட்பாளரைக் குறை சொல்லாதீர்கள். புதிய நகர்களில் வீடு கட்டி வந்தவர்களில் சிலர் சொந்தக் கிராமத்திலேயே ஓட்டை வைத்திருப்பார்கள். சிலர் பெயர் இங்கே இருக்கும், ஆள் வெளியூரில் இருப்பார்.

ஆறாம் படி: சட்டமன்றத்தோடு ஒப்பிடுதல்

சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடிவாரி முடிவு படிவம் 20இல் கிடைக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேடுங்கள். உங்கள் தெருக்கள் வரும் சாவடிகளை மட்டும் கூட்டி, பக்கத்தில் உள்ளாட்சி வாக்கை வையுங்கள். ஒரே தெரு சட்டமன்றத்துக்கு ஒரு சின்னம், வார்டுக்கு இன்னொரு முகம் என்று போட்டிருப்பது அப்போதுதான் தெரியும். கும்பகோணம் தொகுதியில் 2011, 2016, 2021 மூன்றிலும் தி.மு.க.வின் அன்பழகனே வென்றார். இதே ஆண்டுகளில் உங்கள் தெரு எப்படிப் போட்டது என்பதைத் தொகுதி முடிவு சொல்லாது, சாவடிக் கணக்கு சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களை வைத்துச் சாதி, மதம் ஊகித்துக் கட்டம் போடாதீர்கள். ஊகம் பெரும்பாலும் தப்பும், தப்பாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரரை அம்பலப்படுத்தும்.

அட்டவணை முடிந்ததும் அடியில் ஒரு வெற்று வரிசை விடுங்கள். அடுத்த தேர்தலுக்கு இடஒதுக்கீட்டுப் பட்டியல் வெளியாகும் நாளில் முதலில் அந்தக் கட்டத்தை நிரப்புங்கள், வேட்பாளர் பெயர்கள் பிறகு.