வகுப்பில் காட்டும் முன் வலைத்தளத்தைச் சோதிப்பது எப்படி?

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். புதிய வலைத்தளம் கிடைத்தால், மவுஸைப் பிடிக்க முடியாதவர்கள், பார்வையற்றவர்கள் உட்பட எல்லா மாணவர்களுக்கும் அது பயன்படுமா என்று பார்ப்பேன். முதலில் மவுஸைக் கழற்றிவிடுவேன். டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். என்டர் தட்டினால் அது இயங்க வேண்டும்.

அடுத்து என்விடிஏ (NVDA) என்ற இலவசத் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள். தமிழையும் படிக்கும். திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். இலைப் படத்துக்கு வந்ததும் வெறும் கோப்பின் பெயரைச் சொன்னால், பார்வையற்ற மாணவிக்கு அங்கே பாடமே இல்லை. "இலையின் குறுக்குவெட்டு, மேலே புறத்தோல்" என்று சொன்னால் செய்தவருக்கு அக்கறை இருக்கிறது என்று பொருள்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளின் குவியலாக மாறினால் அது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீடு அல்ல, பழைய எழுத்துரு. திரைவாசிப்பான் அதைப் பிதற்றும். உள்ளடக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அத்தகைய தளத்தை நான் எடுப்பதில்லை.

எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கியும் பாருங்கள். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் வேண்டும் என்கிறது, வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) நெறிமுறை. வெளிர்சாம்பல் எழுத்து கடைசி பெஞ்சுக்குத் தெரியவே தெரியாது.

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) உருவகப்படுத்தல்கள், அதாவது கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள், பலவும் தமிழில் இருக்கின்றன. பதிவிறக்கினால் இணையம் இல்லாமலே இயங்கும். ஆனால் விசைப்பலகை வசதி எல்லாவற்றிலும் இல்லை. ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.