சிவில் வழக்குக்கு வக்கீல் வைக்கும்போது

சம்மன் கைக்கு வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். எதிருரை, அதாவது வழக்குக்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில், தாக்கல் செய்ய 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் மொத்தம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். கடைசி வாரத்தில் வக்கீலைத் தேடினால் அவசரத்தில் எழுதிய எதிருரைதான் கிடைக்கும். அதில் மறுக்காமல் விட்டதை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் சந்திப்புக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று நகல்களும், நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய ஒரு தாளும் போதும். அசலைக் கொடுக்க நேர்ந்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்களுக்குப் பாதகமான சங்கதியையும் சொல்லிவிடுங்கள். அதை வெளியே விடாமல் காப்பது வக்கீலின் சட்டக் கடமை. மறைத்த விஷயம் குறுக்கு விசாரணையில் கிளம்பினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபீஸ் பேசும்போது கோர்ட் ஃபீஸ், குமாஸ்தா செலவு, நகல் செலவு இதில் அடக்கமா, தனியா என்று கேளுங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவது இந்திய வக்கீல்களுக்குத் தடை.

உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சமரசம் செய்யவும் பணம் பெறவும்கூட அதில் அதிகாரம் எழுதியிருக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

வழக்கின் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணை வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் வாய்தாவை நீங்களே பாருங்கள். ஆஜராகாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிட்டால், அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட வேண்டும்.

வக்கீலை மாற்றும் உரிமை உங்களுடையது. ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது.