முதியோர் வீட்டுக்குச் சூரிய வெந்நீர்: கொப்புளம் வராமல் பொருத்துவது எப்படி?

மலேசியாவின் பினாங்கில் தாத்தா பாட்டி இருக்கும் தெரஸ் வீட்டுக்கு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு), மின்சாரம் எடுக்கும் சோலார் பலகைக்கு முன் சூரிய வெந்நீர்த் தொட்டியைத்தான் சொல்வேன். ஆளுக்கு 50 லிட்டர் கணக்கில் நாலு பேருக்கு 200 லிட்டர் தொட்டி போதும். தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கூரைச் சட்டத்தில் கரையான் இருந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் தொட்டியை ஏற்ற வேண்டும். தெற்குப் பார்த்த கூரை நல்லது. நிழல் விழாதது அதைவிட முக்கியம்.

நுரையீரலைத் தாக்கும் லெஜியொனெல்லா கிருமி வெதுவெதுப்பு நீரில் பெருகாதிருக்க தொட்டி நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும். அதே 60 டிகிரி முதியவர் தோலைச் சில விநாடிகளில் வேக வைத்துவிடும். அதனால் குளியலறைக்கு முன் தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வு கட்டாயம்; வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் தானே கலந்து, வைத்த சூட்டிலேயே விடும் வால்வு அது. ஷவருக்கு 41 டிகிரியில் வையுங்கள். கையால் திருப்பிக் கலக்கும் சாதாரணக் குழாயை நம்பவே வேண்டாம்.

பலர் சறுக்குவது இங்கேதான். நம் வீடுகளில் ஷவருக்குப் பச்சைத்தண்ணீர் மேல்தளத் தொட்டியிலிருந்து மெதுவாக இறங்கும். சூரியத் தொட்டிக்கோ பம்ப் அழுத்தம். வெந்நீர் தள்ளும், பச்சைத்தண்ணீர் பின்வாங்கும், வால்வு தடுமாறும். பம்புக்குப் பிறகு ஒரே குழாயிலிருந்து இரண்டுக்கும் கிளை எடுங்கள். மிக்சிங் வால்வுக்குள் நீர் நுழையும் இரு வாயிலும் வடிகட்டியும், நீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். வெந்நீர்ப் பக்கம் சாதாரண பிவிசி வேண்டாம், இளகிவிடும். செம்புக் குழாய் அல்லது வெந்நீருக்கான பிபிஆர் பிளாஸ்டிக் குழாய் போடுங்கள்.

சோதனை: ஷவரைத் திறந்து, சமையல் வெப்பமானியால் அளந்து, பச்சைத்தண்ணீரை அடைத்துவிடுங்கள். சில விநாடிகளில் வெந்நீரும் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் யாரையும் குளிக்க விடாதீர்கள்.

மழை நாளுக்காகத் தொட்டியில் இருக்கும் 3 கிலோவாட் மின் சூடேற்றியை (பூஸ்டர்) எப்போதும் போட்டு வைத்தால் மின்சாரமே தண்ணீரைச் சுடவைத்துவிடும், வெயிலுக்கு வேலை இருக்காது. டைமரை மாலை 4 மணிக்கு வையுங்கள். நல்ல வெயில் நாளில் தெர்மோஸ்டாட் அதை ஓடவிடாது. வெயிலே இல்லாத நாளில் 27 டிகிரி தண்ணீர் 60 ஆக இரண்டரை மணி நேரம் பிடிக்கும், ஆகவே குளியல் ஏழு மணிக்கு. வயரிங்கைப் பதிவுபெற்ற வயர்மேனிடமே கொடுங்கள், மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடு.

பின்சேர்க்கை: மிக்சிங் வால்வைக் கூரையடியில் வைக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. வேண்டாம். கலந்த வெதுவெதுப்பு நீர் நீண்ட குழாயில் தேங்கினால் அந்தக் கிருமிக்கு அதுவே வீடு. ஷவரிலிருந்து 2 மீட்டருக்குள் வையுங்கள். பச்சைத்தண்ணீரை அடைத்துப் பார்க்கும் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.