பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் போதுமா? நுண்ணுயிர் உரத்தில் நடக்கும் தவறுகள்

நுண்ணுயிர் உரம் போட்டும் பலன் தெரியவில்லை என்பவர்களில் பலர் அதை யூரியா மாதிரியே கையாண்டிருப்பார்கள். இது உயிர், அதுவும் செடியோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் உயிர். செடி வேர் வழியாகச் சர்க்கரை தருகிறது, நுண்ணுயிர் பதிலுக்குச் சத்தும் நீரும் சேர்த்துத் தருகிறது. வெயில் கூடி, மழை தள்ளிப்போய், வந்தால் ஒரேயடியாகக் கொட்டும்போது இந்தக் கணக்கு சுலபமாகப் பிசகிவிடும்.

பிசகு விதை நேர்த்தியிலேயே தொடங்குகிறது. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) வேர் முடிச்சுகளில் சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியா கலந்த பயறு விதையை வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா பெருமளவு செத்துவிடும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே ஈர மண்ணில் விதைக்க வேண்டும். காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தால் விதை தாங்கும், அதன்மேல் ஒட்டிய பாக்டீரியா தாங்காது. பயிருக்கேற்ற வகையும் முக்கியம்: சோயாவுக்கான ரைசோபியம் கொண்டைக்கடலையில் முடிச்சுப் போடாது. வேரழுகல் நோயைத் தடுக்கப் போடும் டிரைக்கோடெர்மாவைப் பூசணக்கொல்லியோடு கலப்பவர்களும் உண்டு. டிரைக்கோடெர்மாவே ஒரு பூசணம்தானே!

வேலை நடக்கிறதா என்று பார்க்க, பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை அலசி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை அல்லது அது வேலைக்காகாத வகை. பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது. இலை வாடினால்தான் வறட்சி என்று நினைப்பதும் தவறு. அதற்கு முன்பே முடிச்சுகள் சுணங்கிவிடும்.

வேரோடு சேர்ந்து வாழும் வேர்ப்பூசணத்தின் (மைக்கோரைசா) இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை என்பதால், வேர் நுழைய முடியாத மண் துளைகளிலும் புகுந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்து வரும். மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் செடிக்கு அந்த உதவி தேவைப்படாது. பூசணத்துக்குத் தரும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளும். அடிக்கடி ஆழ உழுவதும் இழை வலையை அறுத்துவிடுகிறது. முட்டைக்கோஸ், கடுகு, பீட்ரூட் போன்றவை பொதுவாக இந்தப் பூசணத்தோடு சேர்வதே இல்லை. அவற்றுக்கு இதைப் போடுவது காசுக்குக் கேடு.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையை நிறையப் பேர் தவறாகக் கணிக்கிறார்கள். மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகி, கரியமில வாயுவையும் தழைச்சத்தையும் வெளிவிடுகின்றன. 1958-இல் இதைப் பற்றி எழுதியவர் பெயரால் 'பிர்ச் விளைவு' என்பார்கள். அந்த நேரத்தில் உறிஞ்ச வேர் இல்லாவிட்டால், அடுத்த கனமழையில் அந்தத் தழைச்சத்து நைட்ரேட்டாக அடியில் இறங்கிவிடும். அந்த மழைக்கு முன்பே தழைச்சத்து உரத்தைக் கொட்டினால் நட்டம் இன்னும் கூடும்.

வைக்கோலை விதைப்புக்குச் சற்று முன் மண்ணோடு புரட்டிவிட்டு, பயிர் மஞ்சளாகிறதே என்று கலங்குவதும் வழக்கம். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சுமார் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறையை ஈடுகட்ட மண்ணின் தழைச்சத்தையே பிடித்துக்கொள்ளும். புரட்டாமல் 5 முதல் 7 செ.மீ. கனத்தில் மூடாக்காகப் பரப்புங்கள். கொளுத்தும் வெயிலில் 50 டிகிரியைத் தாண்டக்கூடிய மேல்மண்ணின் சூடும் தணியும். தண்டை ஒட்டிப் போடாமல், இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். இல்லாவிட்டால் தண்டு அழுகும்.