சென்னையில் வாடகைக்கு ஏரியா பார்க்கிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சென்னையில் வேலை கிடைத்ததும் ஊரில் இருந்தபடியே போனில் படம் பார்த்து, பிடித்த வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர்கள் நிறைய. படத்தில் டைல்ஸ் பளபளக்கும், மாடுலர் கிச்சன் தெரியும். நவம்பரில் அந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும், மே மாதம் குழாயைத் திறந்தால் வெறும் காற்று வருவதும் தெரியாது.

அதனால் வந்ததும் வீடு தேடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் ஒரு பி.ஜி.யிலோ, திருவல்லிக்கேணியில் தனி ஆட்கள் அறை எடுத்துத் தங்கும் மேன்ஷனிலோ, சொந்தக்காரர் வீட்டிலோ இருந்துகொண்டு ஏரியா பாருங்கள். அந்தச் செலவு, தப்பான வீட்டில் மாட்டி ஆறு மாதத்தில் காலி செய்கிற செலவில் கால்வாசிகூட இருக்காது. பார்க்கும்போது தண்ணீர், பயணம், தெரு, கடைசியில் வாடகை என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மழை பெய்தால் தெரு என்ன ஆகும்?

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும்தான் சென்னைக்காரர்களுக்கு அளவுகோல். எந்த ஏரியாவைப் பற்றிக் கேட்டாலும் இந்த இரண்டு வருடத்தையும் சொல்லிக் கேளுங்கள். "மழைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டால் "அதெல்லாம் வராது சார்" என்றுதான் புரோக்கர் சொல்வார். "2015ல எந்தப் படி வரைக்கும் வந்துச்சு, 2023ல எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் தண்ணீர் கேன் போடுகிற பையனிடமும் கேளுங்கள். படியை எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.

வெள்ளம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருவதில்லை. முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் அடையாற்றை ஒட்டியவை. மேலே ஏரிகள் நிரம்பித் திறந்துவிட்டால் ஆறு ஏறும், ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்குள் வரும். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் அப்படி இல்லை. சுற்றிலும் உள்ள ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். போகிற வழி குறுகல். ஆகவே மழை விட்டு வெயில் அடித்த பிறகும் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். வடக்கே கொளத்தூர், வியாசர்பாடி, புளியந்தோப்பிலும் தாழ்வான தெருக்கள் பல.

பெயரைப் பார்த்து ஒரு ஏரியாவையே ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஒரே வேளச்சேரியில் ஒரு தெரு இடுப்பளவு தண்ணீரில் இருக்கும்போது இரண்டு தெரு தள்ளிக் கோலம் அழியாமல் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் அங்குள்ளவர்கள் காரை மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துவார்கள், ஊரே டிவியில் பார்த்ததுதான். நீங்கள் பார்க்கிற தெருவில் "புயல்னா வண்டிய எங்க நிறுத்துவீங்க?" என்று கேளுங்கள். "ஏன், இங்கதான்" என்று பதில் வந்தால் அது நல்ல தெரு.

கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா? பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. இரண்டு படி இறங்குகிற கீழ்த்தள வீட்டை வாடகை பாதி என்றாலும் எடுக்காதீர்கள். காம்பவுண்டுச் சுவரில் ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் பழுப்புக் கறை ஓடினால் அதுதான் தண்ணீர் நின்ற உயரம். புதுப் பெயின்ட் அடித்த சுவரில் தெரியாது. பக்கத்து வீட்டுச் சுவரையும் ஈ.பி. பெட்டி வைத்திருக்கிற உயரத்தையும் பாருங்கள். தெருவில் பல வீட்டில் மீட்டரை ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் காரணம் இல்லாமல் இருக்காது.

தெருப் பெயரில் ஏரி, குளம், தாங்கல் (சிறிய ஏரி) என்று வந்தால் கூடுதலாக இரண்டு பேரிடம் விசாரியுங்கள். தி.நகரே 1920களில் நீளமான ஒரு ஏரியை வற்றவைத்து உண்டாக்கிய இடம்தான். மேற்கு மாம்பலத்தில் ஏரி போய்விட்டாலும் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

குடிக்க, குளிக்க

வெள்ளம் மூன்று நாள் தொல்லை. தண்ணீர்ப் பஞ்சம் மூன்று மாதத் தொல்லை. 2019 கோடையில் நகருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது லாரியை நம்பியிருந்த அபார்ட்மென்ட்டுகள் பட்ட பாட்டை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்று விஷயம் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரிய) பைப் உண்டா, தினமும் வருமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா? போர்வெல் எத்தனை அடி, கோடையிலும் தண்ணீர் வருமா? லாரி வாங்குகிறார்கள் என்றால் மாதம் எத்தனை, அந்தக் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா, தனியா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டு, ஏப்ரலில் மெயின்டனன்ஸ் இரண்டு மடங்கு ஆனதும் சண்டை போடுகிறவர்கள் அதிகம். கணக்கு எளிது: நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்குச் சுமார் 500 லிட்டர். எட்டு வீட்டுக்கு 4,000. 12,000 லிட்டர் லாரி மூன்று நாளில் தீர்ந்துவிடும், மாதம் பத்து லாரி. ஒரு லாரியின் விலையைக் கேட்டு, பத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் உங்கள் மாதப் பங்கு தெரிந்துவிடும்.

தரத்தைப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு வெள்ளை பக்கெட்டில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். திரும்பி வரும்போது பழுப்பாகி, மேலே எண்ணெய் மாதிரி ஏடு படிந்திருந்தால் இரும்புத் தண்ணீர். பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும், காற்று பட்ட பிறகுதான் நிறம் மாறும். இதில் வெள்ளைச் சட்டை ஆறு மாதம் தாங்காது. குழாய் முனையிலும் ஷவரிலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500க்குள் காட்டினால் நல்லது. 2,000ஐத் தாண்டினால் கீசர் சீக்கிரம் போய்விடும்.

சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடியைத் தூக்கிப் பார்க்கத் தயங்காதீர்கள். பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் செப்டிக் டேங்க்தான். அது சம்ப்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் மழைக்காலத்தில் இரண்டும் கலக்கும். அந்த வீடு வேண்டாம்.

ஆபீஸுக்குப் போகிற வழி

"ஆபீஸ் ஓ.எம்.ஆர்.ல" என்பது முகவரி ஆகாது. தரமணியும் ஓ.எம்.ஆர்.தான், சிறுசேரியும் ஓ.எம்.ஆர்.தான், நடுவில் சுமார் 20 கிலோமீட்டர். டைடல் பார்க் என்றால் பக்கத்திலேயே திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, வேளச்சேரி வரை தேடலாம். சிறுசேரி என்றால் நாவலூர், படூர், கேளம்பாக்கம். கிண்டிக்கு மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் கைக்கெட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பட்டரவாக்கம் நிலையம். கொரட்டூர், வில்லிவாக்கம், ஆவடி பாருங்கள். மகிந்திரா சிட்டிக்கு பரனூரில் இறங்கலாம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகரிலிருந்து எளிது. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ரயிலை நம்ப முடியாது. கம்பெனி பஸ் நிற்கிற இடங்களின் பட்டியலை எச்.ஆரிடம் வாங்கிக்கொண்டு அதை ஒட்டியே தேடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்ப் பார்த்து "இருபது நிமிஷம்தான்" என்று முடிவு செய்யாதீர்கள். செவ்வாய் அல்லது புதன் காலை எட்டரைக்கு, வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்" என்ற விளம்பரத்தையும் நடந்தே அளக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

தண்டவாளத்தின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். மாம்பலம் நிலையத்துக்குக் கிழக்கே தி.நகர், மேற்கே மேற்கு மாம்பலம். ரயில் ஒன்றுதான், வாடகையும் நெரிசலும் வேறு. உங்கள் தினசரி வழியில் ரயில்வே சுரங்கப்பாதை இருந்தால் மழைநாளில் அது மூடினால் எப்படிச் சுற்ற வேண்டும் என்று கேட்டு வையுங்கள். "மெட்ரோ வரப்போகுது" என்று கூடுதல் வாடகை கேட்டால், ரயில் ஓடத் தொடங்கிய நிலையத்துக்கு மட்டும் கொடுங்கள். வேலை நடக்கிற வரை அந்த ஏரியாவில் உங்களுக்குக் கிடைப்பது தூசியும் டைவர்ஷனும்தான்.

தூரமாகப் போனால் வாடகை 4,000 ரூபாய் குறைகிறது என்று வையுங்கள். பைக்கில் நாளுக்கு 30 கிலோமீட்டர் கூடினால் 25 நாளில் 750 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தாலும் 17 லிட்டர் பெட்ரோல், சுமார் 1,700 ரூபாய். வண்டித் தேய்மானம் தனி. மீதி இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மாதம் 25 மணி நேரமாவது கொடுக்கிறீர்கள். ரயில் சீசன் டிக்கெட்டில் போனால் இதே கணக்கு தூரத்து வீட்டுக்குச் சாதகமாகிவிடும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசில்லை என்பதால் அந்த வழியில் அப்படிப்பட்ட வெள்ளைப் போர்டு வண்டி எத்தனை ஓடுகிறது என்றும் பாருங்கள்.

தெரு

பகலில் ஒருமுறை, இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை. இரவில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வாருங்கள்: விளக்கு எரிகிறதா, வழியில் டாஸ்மாக் இருக்கிறதா, ஷேர் ஆட்டோ எத்தனை மணி வரை ஓடுகிறது, நாய் எத்தனை. பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாளில் உங்கள் வாசலில் பத்து கார் நிற்கும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் வாடை காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப வரும். அங்கே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியாது.

எங்கேயும் எழுதாத நிபந்தனைகளும் உண்டு. பேச்சுலர் கூடாது, அசைவம் கூடாது, இன்ன ஆட்கள்தான் வேண்டும் என்று சில தெருக்களில் வெளிப்படையாகவே கேட்பார்கள். அசிங்கம்தான். ஆனாலும் அலைச்சல் மிச்சமாக, போனிலேயே எத்தனை பேர், என்ன சமையல் என்று சொல்லிவிடுங்கள்.

பணம்

மின் மீட்டரில் தொடங்குங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று ஓனர் வாங்கினால் 300 யூனிட்டுக்கு 2,700. தனி இணைப்பில் அதே 300 யூனிட் ஆயிரத்தைத் தொடாது. இந்த வித்தியாசத்தை வாடகையோடு சேர்த்துத்தான் வீட்டை ஒப்பிட வேண்டும்.

2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்குப் பொதுவாகச் சொல்கிற அளவு மூன்று மாத வாடகை. ஆனால் சென்னையின் பழைய வழக்கம் பத்து மாதம், இன்றும் கேட்கிறார்கள். சட்டத்தைச் சொன்னால் வீடு போய்விடும் என்று பயப்படாமல் "அஞ்சு மாசம் தர்றேன்" என்று பேசிப் பாருங்கள், பல இடத்தில் இறங்கி வருவார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. வாடகையே இல்லாமல் சில லட்சத்தை மொத்தமாக வாங்கும் லீஸ் வீடு என்றால், வில்லங்கம் பார்க்காமல், வங்கிக் கடன் இருக்கிறதா என்று தெரியாமல் இறங்காதீர்கள். ஏலத்துக்குப் போனால் உங்கள் பணம் நடுவில் மாட்டும்.

பேரம் பேச நல்ல மாதம் ஆடி. யாரும் வீடு மாற மாட்டார்கள், டு-லெட் போர்டு தொங்கிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு ஆடியில் பால் காய்ச்ச ஆட்சேபம் இல்லை என்றால் வாடகையில் ஆயிரம் ஐந்நூறு குறையும். கோயில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் என்பதும் அந்த மாதத்தில்தான் முழுதாகத் தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி மாற்றுகிறவர்கள் போட்டிக்கு வருவார்கள், அப்போது பேரம் எடுபடாது.

முன்பணம் கொடுக்கும் முன் சொத்து வரி ரசீதிலும் ஈ.பி. கார்டிலும் உள்ள பெயர் ஓனர் பெயர்தானா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார், அட்வான்ஸை எத்தனை நாளில் திருப்பித் தருவார், வருடத்துக்கு வாடகை எத்தனை சதவீதம் ஏறும் என்ற மூன்றும் எண்ணாகவே இருக்க வேண்டும். "நியாயமா பிடிச்சுக்கலாம்" என்று எழுதினால் ஒரு மாத வாடகை போய்விடும். சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கையும், சுவர் ஓதத்தையும், உடைந்த டைல்ஸையும் படம் எடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.