துருக்கிக் கொம்பு வில்: முதல்முறை செய்பவர்களுக்கு

1453-இல் கான்ஸ்டாண்டிநோபிளைப் (இன்றைய இஸ்தான்புல்) பிடித்த ஒட்டோமான் துருக்கி சுல்தான் இரண்டாம் மெஹ்மத், அங்கே வில்லாளிகளுக்கென்றே ஒரு மைதானம் ஒதுக்கினார். ஓக்மெய்தானி என்ற அந்த இடத்தில், அம்பு விழுந்த தூரத்தைக் குறிக்க நட்ட கற்களில் சில இன்றும் நிற்கின்றன. அவ்வளவு தூரம் எய்த வில் அளவில் சின்னது. அதன் பலமெல்லாம் அடுக்குகளில்தான்.

வளைக்கும்போது வில்லின் வெளிப்புறம் இழுபடும், நம்மைப் பார்க்கும் உட்புறம் நசுங்கும். அதனால் வெளியே தசைநார், உள்ளே எருமைக்கொம்பு, நடுவில் மெல்லிய மேப்பிள் மரம்.

படி 1: மேப்பிளை நீராவியில் இளக்கி வளைத்துக் காயவிடுங்கள். கைப்பிடி, அதன் இருபுறமும் வளையும் இரண்டு ‘கைகள்’, விறைப்பான நுனிகள் எனத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து ஒட்டுவதே வழக்கம்.

படி 2: ஒரே எருமையின் இரண்டு கொம்புகளிலிருந்து பட்டைகள் எடுங்கள். அப்போதுதான் இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளையும். கொம்பிலும் மரத்திலும் நீளவாக்கில் பள்ளங்கள் கீறி, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள்.

படி 3: இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். மாட்டுக்காலின் உலர்ந்த தசைநாரை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நூல் நூலாகப் பிரியுங்கள். தோல், நார், மீன் காற்றுப்பை ஆகியவற்றைக் காய்ச்சி எடுக்கும் பசையில் நனைத்து, சீப்பால் வாரி, வில்லின் முதுகில், அதாவது வெளிப்புறத்தில், நீளவாக்கில் பதியுங்கள். பசை சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடானால் பிடிப்புக் குறையும், கொதிக்கவே கூடாது. ஓர் அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

படி 4: காயும்போது நார் சுருங்கி, வில்லை முதுகுப் பக்கமாகச் சுருள இழுக்கும். நாமும் நுனிகளைக் கயிற்றால் கட்டி அதே பக்கம் இழுத்துவைக்க வேண்டும். பல மாதம் காய வேண்டும். பழைய கைவினைஞர்கள் ஒரு வருடத்துக்கு மேலும் விட்டுவைத்தார்கள். அவசரப்பட்டு நாணேற்றினால் அடுக்குகள் பிரிந்துவிடும்.

படி 5: முதுகின் மேல் மெல்லிய தோல் ஒட்டுங்கள். ஈரம் பட்டால் இந்தப் பசை இளகிவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் வில்லை உலர்ந்த பெட்டிக்குள் வையுங்கள்.

படி 6: நாணேற்றும் முன் வில்லை மிதமாகச் சூடாக்குங்கள். சுருண்டிருக்கும் பக்கத்துக்கு நேர் எதிராக வளைப்பதால் இரண்டு பேர் இருப்பது நல்லது. முதல் நாள் முழுதாக இழுக்காதீர்கள். ஒரு கை மட்டும் அதிகம் வளைந்தால், விறைப்பான கையின் கொம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சமன் செய்யுங்கள். அப்புறம், அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் முழுவதும் வில்லிலேயே இறங்கும்.