மன அழுத்தத்தில் ஆறுதல் தரும் உணவு: முன்கூட்டியே தேர்ந்தெடுப்பதும், தயாராக வைப்பதும், உண்பதும்

வேலையின் கெடு நெருங்கும்போதும், நெருங்கியவர் நோயுற்றுக் கிடக்கும்போதும், ஒரு சச்சரவுக்குப் பின் மனம் அடங்காமல் தவிக்கும்போதும் பலருடைய கை தானாகவே உணவை நோக்கிப் போகிறது. இனிப்போ கொழுப்போ உப்போ மிகுந்ததாக, மெல்லுவதற்குச் சிரமம் தராததாக, நெடுநாள் பழகியதாக உள்ள உணவுகளையே அப்போது நாக்கு கேட்கிறது. இதை மன உறுதி இல்லாதவரின் பழக்கம் என்று பழிப்பதில் எந்தப் பயனும் இல்லை. உணவில் ஆறுதல் தேடுவது மனித இயல்பு. அந்த ஆறுதல் மெய்யாகவே கிடைக்கும்படி செய்துகொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. அதற்கான முதன்மையான வழி, அழுத்தம் வந்த பிறகு உணவைத் தேடாமல், மனம் தெளிவாக இருக்கும் நாளிலேயே அதைத் தேர்ந்தெடுத்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வைத்துக்கொள்வதாகும். கலங்கிய மனம் எதையும் ஆற அமரத் தேர்ந்தெடுப்பதில்லை. எது முதலில் அகப்படுகிறதோ அதையே எடுத்துக்கொள்கிறது.

உடல் ஏன் கேட்கிறது

திடீரென ஓர் அதிர்ச்சி வரும்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து, செரிமானம் மட்டுப்பட்டு, பசி அடங்கிப் போகிறது. தொண்டையில் உணவு இறங்கவில்லை என்று பலர் சொல்வது இந்த நிலையைத்தான். அழுத்தம் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் நீளும்போது நிலைமை மாறுகிறது. சிறுநீரகங்களுக்கு மேலே அமைந்த அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கின்றன. அது பசியைக் கூட்டுவதோடு, செறிவான உணவின் மீது நாட்டத்தையும் வளர்க்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த மேரி டால்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பெரும்பாலும் எலிகளில் கண்டவற்றைக் கொண்டு, சர்க்கரையும் கொழுப்பும் மூளையின் அழுத்த வினையை ஓரளவு தணிக்கின்றன என்றும், அதற்கு விலையாக வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது என்றும் விளக்கம் முன்வைத்தார்கள். இதனோடு தூக்கக் குறைவும் சேர்ந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடி, நிறைவை உணர்த்தும் லெப்டின் குறைகிறது. ஆகவே இரவு சரியாக உறங்காதவர் மறுநாள் மாலையில் இனிப்பைத் தேடினால் அதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

இனிப்பின் ஆறுதல் பிறவியிலேயே வருவது. ஊசி போடுவது போன்ற வலி தரும் சிகிச்சைக்கு முன் பச்சிளங் குழந்தையின் நாவில் மருத்துவர்கள் சில துளி சர்க்கரைக் கரைசலை விடுவதுண்டு, அழுகை குறைகிறது. ஆனால் அது நாவில் பட்டவுடன் நிகழும் சிறு பொழுது நிவாரணம். அதற்கு மேல் அளவைக் கூட்டுவதால் ஆறுதலும் அதே விகிதத்தில் கூடுவதில்லை.

இங்கே பரவலான ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. வாழைப்பழத்தில், மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளான செரோடோனின் இருப்பதால் அது மனத்தை மகிழ்விக்கும் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. உணவில் உள்ள செரோடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் கடந்து செல்வதில்லை. அதன் மூலப்பொருளான டிரிப்டோஃபான் கடக்கும் என்றாலும், உணவில் சிறிதளவு புரதம் சேர்ந்தாலே புரதத்தின் கூறுகளான மற்ற அமினோ அமிலங்கள் போட்டிக்கு வந்து அதன் பங்கைக் குறைத்துவிடுகின்றன. வாழைப்பழம் பிடித்திருந்தால் உண்ணுங்கள். அதிலிருந்து மருந்தின் வேலையை எதிர்பார்க்க வேண்டாம்.

உணவுக்கு எவ்வளவு வல்லமை உண்டு

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டிரேசி மேனும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வழிகாட்டியின் போக்கையே தீர்மானிக்கிறது. பங்கேற்றவர்களுக்கு மனத்தை வருத்தும் காணொளிகளைக் காட்டிவிட்டு, தங்களுக்கு ஆறுதல் தருவதாக அவர்களே சொன்ன உணவையும், வேறொரு நேரத்தில் பிடித்த பிற உணவையோ சாதாரண உணவையோ கொடுத்தார்கள். சில வேளைகளில் எதுவும் கொடுக்காமலும் விட்டார்கள். சில நிமிடங்களில் எல்லா நிலைகளிலும் மனநிலை ஏறத்தாழ ஒரே அளவில் தேறியது. அதாவது, உணவுக்குச் சேர்ந்ததாக நாம் எண்ணும் பலனில் ஒரு பகுதி வெறுமனே நேரம் கடந்ததால் கிடைத்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் ட்ரோய்சியும் ஷிரா கேப்ரியலும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஆறுதல் உணவு என்பது நெருங்கிய உறவுகளின் நினைவோடு பின்னிப் பிணைந்தது என்றும், உறவுகளைப் பாதுகாப்பாக உணர்பவர்களுக்கு அது தனிமையுணர்வைக் குறைக்கிறது என்றும் கண்டார்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கிண்ணம் உணவு தரும் ஆறுதலில் பெரும்பங்கு அதைச் சமைத்துக் கொடுத்தவர்களின் நினைவிலும், உட்கார்ந்து உண்ணும் சிறு ஓய்விலும் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அந்த இரண்டையும் சிறிய அளவு உணவிலேயே பெற்றுவிடலாம். பொட்டலத்தைக் காலி செய்வதால் அவை கூடப் போவதில்லை.

உங்கள் பட்டியலை எழுதுதல்

பசியோ பதற்றமோ இல்லாத ஒரு நாளில், உங்களுக்கு உண்மையாகவே ஆறுதல் தரும் உணவுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக, உண்ட அரைமணி நேரத்துக்குப் பின் உடல் எப்படி இருக்கிறது என்பதையும் குறியுங்கள். பட்டியல் சுருங்குவது இந்த இரண்டாம் குறிப்பால்தான். உண்ணும்போது இனித்து, பிறகு வயிற்றை உப்பச் செய்து, மந்தத்தையும் தாகத்தையும் தரும் உணவுகள் எவை என்று அப்போது தெரிந்துவிடும்.

எஞ்சியவற்றில் நான்கைந்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று பருகக்கூடியதாக இருக்கட்டும். பசியே அற்றுப் போகும் நாளில் சூப்போ கஞ்சியோ மட்டுமே உள்ளே இறங்கும். ஒன்று, பத்து நிமிடத்தில் சமைக்கக்கூடியதாக இருக்கட்டும்: முட்டை, ஓட்ஸ் கஞ்சி, சிறு துண்டுகளாக்கி வேகவைத்து வெண்ணெய் தடவிய உருளைக்கிழங்கு போன்றவை. ஒன்று சமையலே தேவைப்படாததாக இருக்க வேண்டும். இனிப்பு ஒன்று நிச்சயம் இருக்கட்டும். அதை விலக்கிய பட்டியலை எவரும் நெடுநாள் மதித்து நடப்பதில்லை.

அளவைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள் ஒரு நல்ல துணை. தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்றும் அது 2015இல் பரிந்துரைத்தது. 5 சதவீதம் என்பது பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 25 கிராம். பால் சாக்லேட்டின் எடையில் சுமார் பாதி சர்க்கரை என்பதால், 20 கிராம் துண்டு ஒன்றை மெதுவாக வாயில் கரையவிட்டு உண்பவர் இந்த வரம்புக்குள் வசதியாக நிற்கிறார். 100 கிராம் கட்டியை முழுவதும் உண்பவர் அதன் இரு மடங்கை எட்டிவிடுகிறார். உப்புக்கான வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ். உடனடி நூடுல்ஸ் உங்கள் பட்டியலில் இருந்தால், உறையில் அச்சிட்டுள்ள சோடியத்தின் அளவை 2.5ஆல் பெருக்கிப் பாருங்கள். உப்பின் அளவு கிடைக்கும். மசாலாப் பொடியில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிக் காய்கறியும் சேர்த்தால் சுவை அதிகம் குறையாது.

தயாராக வைத்தல்: ஒரு சூப்பும் ஒரு பானமும்

விரிவாகச் சொல்லத்தக்கது மசூர் பருப்பு சூப். ஊறவைக்க வேண்டியதில்லை, விரைவில் குழையும், உறைய வைத்தாலும் சுவை கெடாது. அடிகனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்குங்கள். வெங்காயம் சிவக்க வேண்டியதில்லை. கண்ணாடி போல ஆகி, கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் வரை பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். சூப்பின் இனிமை முழுவதும் இந்தப் பொறுமையிலிருந்து வருகிறது. அதன்பின் நறுக்கிய இரண்டு கேரட், நான்கு பல் பூண்டு, கழுவிய 200 கிராம் பருப்பு, ஒரு லிட்டர் தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து, மேலே எழும் நுரையை எடுத்துவிட்டு, 25 நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். பருப்பு கரைந்த பிறகு உப்பும் மிளகும் சேர்த்துக் கரண்டியாலேயே மசியுங்கள். எலுமிச்சைச் சாற்றை இப்போது சேர்க்காமல், உண்ணும் நேரத்தில் கிண்ணத்தில் பிழிந்துகொள்ளுங்கள்.

சூப்பை ஆறவைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஆழமில்லாத கலங்களில் ஊற்றினால் விரைவில் ஆறும். 4 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு நாள்கள் இருக்கும். அதற்கு மேல் வேண்டுமெனில், ஒரு கலத்துக்கு ஒருவர் ஒருவேளை உண்ணும் அளவாக, சுமார் 250 மில்லிலிட்டர் ஊற்றி உறைபெட்டியில் வையுங்கள். உறையும்போது நீர் விரிவடையும் என்பதால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மூடியில் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். சூடாக்கும்போது சூப் கெட்டியாக இருக்கும். கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்கி, நன்றாகக் கொதித்த பிறகே இறக்குங்கள்.

பானத்துக்குப் பால் கலந்த கொக்கோ ஏற்றது. இரண்டு தேக்கரண்டி கொக்கோ பொடியையும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையையும் முதலில் சிறிதளவு சூடான பாலில் குழைத்துப் பசையாக்கிக்கொண்டு, பிறகு மீதிப் பாலை ஊற்ற வேண்டும். கொக்கோவில் கொழுப்பு இருப்பதால் நேரடியாகத் தூவினால் கட்டி கட்டியாக மிதக்கும். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகும் வழக்கத்தைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் சேர்த்தது. எனவே சற்று ஆறவிட்டுப் பருகுங்கள். காபியே ஆறுதல் என்பவர்கள் நண்பகலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உடலிலுள்ள காஃபீனில் பாதி நீங்கவே பெரும்பாலானோருக்கு ஐந்து மணி நேரம் அளவில் ஆகிறது. இரவின் தூக்கம் கெட்டால் மறுநாளின் அழுத்தம் இன்னும் கனக்கும். மதுவை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது உறக்கத்தை வரவழைப்பது போலத் தோன்றினாலும் பின்னிரவில் அதைக் குலைக்கிறது.

உண்ணும் நேரம்

பெட்டியைத் திறக்கும் முன், கடைசியாக எப்போது உண்டோம் என்று எண்ணிப் பாருங்கள். நான்கைந்து மணி நேரம் ஆகியிருந்தால் அது பசி. முழு உணவாகவே உண்ணுங்கள், தின்பண்டத்தால் ஈடுகட்ட வேண்டாம். இப்போதுதான் உண்டோம் என்றால் தேவை ஆறுதல். பட்டியலில் உள்ள சிறிய கிண்ணம் ஒன்று போதும்.

எதையும் பொட்டலத்திலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ நேராக உண்ணாதீர்கள். கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மீதியை அதன் இடத்தில் வைத்து மூடிவிட்டு, வேறோர் இடத்தில் உட்காருங்கள். கைப்பேசியை எட்ட வையுங்கள். உங்களை அலைக்கழிக்கும் செய்தி அதிலிருந்துதான் வந்திருக்கும். முதல் சில வாய்களை மணத்தையும் சூட்டையும் கவனித்து உண்ணுங்கள். சுவை மிகுதியாகத் தெரிவது அவற்றில்தான். வயிற்றின் நிறைவை மூளை உணர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும் என்பதால், இரண்டாவது கிண்ணத்தை அதுவரை தள்ளிப்போடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டியிருந்தால் குற்றவுணர்வின்றி எடுத்துக்கொள்ளுங்கள். உண்டதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வது முதல் அழுத்தத்தின் மேல் இரண்டாவது அழுத்தத்தை ஏற்றுவதாகும். அடுத்த வேளையைப் பட்டினி போட்டு ஈடுகட்ட முனைந்தால், இரவில் பசி இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

குறுகிய நேரத்தில் மிக அதிகமாக உண்பதும், நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவதும், மறைத்து உண்பதும் வாரம் ஒரு முறையாவது நிகழ்ந்து மூன்று மாதங்களாவது நீடித்தால், அது பெருந்தீனிக் கோளாறாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க்கண்டறிக் கையேட்டில் இது தனி நோயாகவே இடம்பெற்றுள்ளது, சிகிச்சையும் உண்டு. மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திராமல், முன்னதாகவே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பசியின்மை வாரக்கணக்கில் தொடர்ந்து எடை குறைந்தாலும் இதுவே வழி. நீரிழிவு, சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் பட்டியலை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது அவசியம்.

இன்னொருவருக்குக் கொடுக்கும்போது

துயரத்திலோ நெருக்கடியிலோ இருப்பவரிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்டால் பெரும்பாலும் "ஒன்றும் வேண்டாம்" என்றே பதில் வரும், ஏனெனில் யோசித்துத் தேர்ந்தெடுப்பதே அப்போது அவருக்குப் பாரமாக இருக்கும். "சூப் கொண்டு வரட்டுமா, கஞ்சி கொண்டு வரட்டுமா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். ஒவ்வாமை ஏதும் உண்டா என்பதை வீட்டில் உள்ள வேறொருவரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாத கலத்தில் கொடுத்து, எப்படிச் சூடாக்குவது, எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அவர் கூப்பிட்டால் உடன் அமர்ந்து நீங்களும் ஒரு கிண்ணம் உண்ணுங்கள்; அவர் எவ்வளவு உண்டார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தனியாக இருக்க விரும்பினால், கலத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள்.